நானூறு டிக்கெட் கரடி

எங்கள் ஊரில் பூ வாங்க ஒரே இடம்தான் உண்டு. சூப்பர் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிகள் நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில், வாளிகளில் தண்ணீர் ஊற்றிக் கொத்துக் கொத்தாக வைத்திருப்பார்கள். அந்த ஏப்ரல் வியாழக்கிழமை அந்த வாசலைத்தான் போலீசார் மஞ்சள் நாடா கட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே ஆறு பேர் சுடப்பட்டு இறந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் நேடின் ப்ரூவிட், மூன்றாவது கவுண்டரில் பில் போடுகிறவர். அவருடைய தோழி வெர்லீன் டாகெட் நாடாவுக்கு வெளியே வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

வெறுங்கையோடு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தன் ஸ்கேட்டிங் கூடத்துக்குப் போனார். பரிசு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழுப்பு நிறக் கரடிப் பொம்மை ஒன்றை எடுத்துவந்து, வாகன நிறுத்தத்தின் கம்பி வேலியில் ஸ்கேட் காலணியின் கயிற்றால் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் செய்தது அவ்வளவுதான். அதன் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது.

எங்கள் ஊரான ஹாஸ்கின் க்ரீக்கில் வளர்ந்த எல்லோருக்கும் வெர்லீனைத் தெரியும். மாமனார் விட்டுப்போன கூடத்தை முப்பது வருடமாக நடத்துகிறவர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். சக்கரம் கழன்றால் அவரே மாட்டுவார், கழிப்பறை அடைத்தால் அவரே இறங்குவார். தெருவில் யாரைப் பார்த்தாலும் முதலில் அவர் கண் போவது காலுக்குத்தான். "அடே, எட்டரை ஆயிட்டியா? போன வருஷம் ஏழுல இருந்தே" என்று காலணி அளவைச் சொல்வதுதான் அவர் நலம் விசாரிக்கும் முறை.

வார நாட்களில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் நேடின், சனி ஞாயிறுகளில் வெர்லீனின் கூடத்தில் பரிசு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். விளையாட்டு இயந்திரங்களில் ஜெயித்த டிக்கெட்டுகளை அவரிடம் கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டும். அலமாரியின் ராணி, நானூறு டிக்கெட் கரடி. நேடினிடம் பேரம் நடக்காது. நான் ஒன்பது வயதில் முந்நூற்று எண்பது டிக்கெட்டோடு போய் நின்றேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"இருபது குறையுதே கண்ணு. ஒரு காதை வெட்டிட்டுத் தரட்டுமா?"

நான் அழுதுவிட்டேன். வெர்லீன் மறுமுனையிலிருந்து, "குடுத்துத் தொலையேன்டி, பிள்ளை அழுவுது" என்று கத்தினார். "அழுறதுக்கெல்லாம் கரடி குடுத்தா உன் கடையில ஆணிகூட மிஞ்சாது" என்று நேடின் பதில் கொடுத்தார். இருவரும் இருபது வருடமாக இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வேலியில் அந்தக் கரடியைக் கட்டியது, நேடினுக்கு வெர்லீன் சொன்ன கடைசிக் கேலி. விலையே இல்லாமல் எடுத்துக்கோ என்பது அதன் அர்த்தம். கரடியின் காதில் தொங்கிய "400" என்ற சீட்டைக்கூட அதனால்தான் அவர் கழற்றவில்லை.

அன்று மாலைக்குள் தொலைக்காட்சி வண்டிகள் வந்து பாப்டிஸ்ட் தேவாலயத்தின் வாகன நிறுத்தத்தை நிறைத்துவிட்டன. மறுநாள் காலையில் வெர்லீன் பெக்கியின் உணவகத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் வேலியும் கரடியும் வந்தன. செய்தி வாசித்தவர் குரலைத் தாழ்த்தி, பெயர் தெரியாத ஒரு குழந்தை தன் கரடியை இங்கே விட்டுச் சென்றிருக்கிறது, காதில் ஒரு சிறு கடிதத்தையும் கட்டியிருக்கிறது என்றார். கேமரா சீட்டை நெருங்கிப் போனது. காற்றில் அது திரும்பித் திரும்பி ஆடியதால் எழுத்து தெரியவில்லை.

வெர்லீன் கோப்பையைக் கீழே வைத்தார். "அது கடிதம் இல்ல. விலைச்சீட்டு" என்றார். உணவகத்தில் சிலர் சிரித்தார்கள். நடந்ததற்குப் பிறகு ஊரில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். வெர்லீனும் சிரித்தார். சேனலைத் தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார், உரியவரிடம் சொல்வதாகச் சொன்னார்.

மதியச் செய்தியிலும் குழந்தைதான். இரவுச் செய்தியிலும் குழந்தைதான். மற்ற சேனல்களும் அதையே எடுத்துக்கொண்டன. இறந்த ஆறு பேரில் இளையவருக்கே முப்பத்தொன்பது வயது. ஆனால் நாடு முழுவதும் ஒரு குழந்தைக்காக அழுதது.

மீதி நேரமெல்லாம் அவன்தான், சுட்டவன். அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவனுடைய பள்ளிக்கூடப் படம், அவன் அறையின் சன்னல், அவன் இணையத்தில் எழுதிவைத்தது, அதை வாசித்து விளக்கும் நிபுணர்கள், அவன் நடந்த வழிக்கு ஒரு வரைபடம். முன்பு வேறு ஊர்களில் இதே மாதிரி செய்தவர்களோடு அவனை ஒப்பிட்டு, யார் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று பந்தய அட்டவணை போல ஒரு பட்டியலும் போட்டார்கள். என் வகுப்பில் இருந்தவர்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். அவன் பிறந்த மாதம் பலருக்குத் தெரிந்திருந்தது. இறந்த ஆறு பேரின் பெயரையும் சொன்னவர் ஒருவரும் இல்லை. நாங்கள் இதே ஊர்க்காரர்கள். மூன்றாவது கவுண்டரில் நேடினிடம் திட்டு வாங்காமல் வளர்ந்தவர் எங்களில் யாருமில்லை.

அடுத்த வாரம் கரடிகள் வரத் தொடங்கின.

முதலில் தபால் வண்டியில் வந்தன, பிறகு தனி லாரிகளில். தேவாலயக் குழுக்கள், பள்ளிக்கூடங்கள், எங்கோ ஒரு சிறைச்சாலையின் கைதிகள்கூட அனுப்பியிருந்தார்கள். பெட்டிகளின் மேல் "அந்தக் குழந்தைக்கு" என்று எழுதியிருந்தது. தபால் நிலையத்தில் கதவு மூட முடியவில்லை. மாவட்ட நிவாரண வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் பிட்மன் வெர்லீனிடம் வந்தார். ஊரில் அவ்வளவு பெரிய தரை வேறு எங்கும் இல்லை.

"ரெண்டே வாரம் வெர்லீன். எப்படியும் இப்ப யாரும் ஸ்கேட் பண்ண வரப்போறதில்ல" என்றார்.

அது உண்மைதான். ஊருக்குள் யாரும் எங்கும் போகவில்லை. பலர் பக்கத்து ஊருக்குப் போய் மளிகை வாங்கினார்கள். அந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பின்வாசல் எங்கே என்றுதான் பார்த்தார்கள். வெர்லீன் சரி என்றார்.

இரண்டு வாரம் என்றது கோடைகாலம் முழுக்க நீண்டுவிட்டது. பெட்டிகள் சுவரோரம் தொடங்கி, நடுத்தரைக்கு வந்து, கூரையில் தொங்கும் கண்ணாடி உருண்டை விளக்கைத் தொடும் உயரத்துக்கு ஏறின. ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கைந்து கரடி கொடுத்தாகிவிட்டது. நாய்களுக்கும் கொடுத்தாகிவிட்டது. மருத்துவமனைகள் வேண்டாம் என்றன. குப்பையில் போடலாம் என்று யாரோ சொன்னதற்கு ஹார்லன் முகம் வெளுத்துவிட்டது. அதை ஒருவன் படம்பிடித்துவிட்டால் ஊரின் மானம் என்ன ஆவது என்று கேட்டார்.

கரடி அனுப்பியவர்கள் மேல் வெர்லீனுக்குக் கோபம் இல்லை. அவர் பெட்டிகளைப் பிரித்துக் கடிதங்களை வாசித்திருக்கிறார். தன் மகனை இழந்த ஒரு தாய், அவனுடைய சொந்தக் கரடியையே அனுப்பியிருந்தாராம். அந்த மாதிரி ஆளை எப்படித் திட்டுவது? திட்ட ஓர் ஆள் கிடைக்காததுதான் அவரை அதிகமாக வதைத்தது என்று நினைக்கிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கரடி நேடினுடையது என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, தொலைக்காட்சியில் சொல்ல வேண்டும். அது நடந்தால் பெட்டிகள் நிற்கும். பெட்டிகள் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, நேடினின் பெயராவது சொல்லப்பட்டிருக்கும்.

ஜூலையில் ஒரு நிருபர் வந்தார். வெர்லீன் அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். அலமாரியில் மீதியிருந்த இன்னொரு கரடியை எடுத்து, அதன் காதிலும் அதே மாதிரி விலைச்சீட்டு இருப்பதைக் காட்டினார். எல்லோருக்கும் கட்டிப்பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது, ஆனால் போதும், தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள் என்றும் சொன்னார். ஒளிபரப்பில் அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் வந்தது. "எல்லாருக்கும் கட்டிப்பிடிச்சுக்க ஏதாவது வேணும்" என்று வெர்லீன் சொல்கிறார், பின்னணியில் பியானோ. அடுத்த வாரம் மூன்று லாரி.

அதற்குப் பிறகு ஒரு பழக்கமே உண்டாகிவிட்டது. வேறு மாநிலத்தில் எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்தால், சேனல்கள் எங்கள் வேலியைப் பின்னணியாகக் காட்டும். சில நாட்களில் பெட்டிகள் வரும். வெர்லீன் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார். லாரி பின்னால் நகரும்போது எழுப்பும் சத்தம் கேட்டால் வெளியே வந்து ஓட்டுநரிடம், "இந்தத் தடவை எந்த ஊரு?" என்று கேட்பார்.

ஆண்டு நிறைவு நெருங்கியபோது, குழந்தைக் கதையை முதலில் சொன்ன சேனலிலிருந்து கெய்ட்லின் என்ற பெண் கூப்பிட்டார். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவர். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவராக இருப்பார். பெட்டிகளுக்கு முன்னால் வெர்லீனை நிறுத்திப் பேச வைக்க வேண்டும், முடிந்தால் அந்தக் குழந்தையையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வெர்லீன் நேரலை என்றால்தான் வருவேன் என்றார். வெட்டுவது ஒட்டுவது எதுவும் கூடாது. கெய்ட்லின் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் சரி என்றார்.

செய்தி ஊரில் பரவியதும் ஹார்லன் வந்தார். நானும் வேறு சிலரும் அப்போது கூடத்தில் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். கூரை ஒழுகி, அடியில் மரத்தரை கறுத்துக்கொண்டு வந்தது. ஹார்லன் கெட்டவர் இல்லை. துப்பாக்கிச்சூடு நடந்த அன்று கடைக்குள் முதலில் ஓடியவர்களில் அவரும் ஒருவர். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார். இறந்தவர்கள் நினைவாக ஊர் நடும் மரத்தோப்புக்கு நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்தது, அந்தக் கரடியைப் பார்த்துத்தான் வந்தது என்றார். இப்போது அது பரிசு அலமாரிப் பொம்மை என்று சொன்னால் ஊரே ஏமாற்றியது போல ஆகிவிடும் என்றார்.

"நம்ம மேல ஜனங்க அன்பா இருக்காங்க வெர்லீன். அதைப் போய் ஏன் கெடுக்கணும்?"

"அவங்க அன்பு காட்டுறது இல்லாத ஒரு குழந்தைக்கு, ஹார்லன். இருந்தவ நேடின்."

"நேடினே இருந்தா விட்டுடுன்னு சொல்லியிருப்பா."

"நேடினா? இருபது டிக்கெட்டை விடாதவ இதை விடுவாளா?"

ஹார்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், யோசித்துப் பார் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நேரலை நாளன்று நாங்கள் நாற்பது பேராவது கூடத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றிருப்போம். பிரெய்டன் ஹோல்ட் என்ற நிருபர், மடிப்புக் கலையாத மேல்கோட்டில், பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். வெர்லீன் விசிலைக் கழற்றவில்லை. ஹோல்ட் அவருடைய பெயரை எப்படி உச்சரிப்பது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. விளக்குகள் எரிந்தன. கெய்ட்லின் விரல்களால் எண்ணிக் கையசைத்தார்.

ஒரு வருடம் முன்பு ஒரு குழந்தை விட்டுச்சென்ற கரடி இந்த நாட்டின் இதயத்தைத் தொட்டது, அந்தக் குழந்தையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஹோல்ட் கேட்டார்.

"குழந்தை இல்லைங்க. நான்தான்" என்றார் வெர்லீன்.

ஹோல்ட் தலையாட்டினார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"நான்தான் கட்டினேன். என் சிநேகிதி நேடின் ப்ரூவிட்டுக்காக. அறுபத்துமூணு வயசு. சிகரெட் நிறையப் பிடிப்பா. வாய் ரொம்ப மோசம். அது கடிதம் இல்ல, விலைச்சீட்டு. நானூறு டிக்கெட்டுக்கு ஒண்ணு கம்மியா அவ ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. அவ பேரை ஒரு வருஷமா நீங்க சொல்லவே இல்ல. நேடின் ப்ரூவிட். நீங்க ஒரு தடவை சொல்லுங்க, நான் கேக்குறேன்."

ஹோல்ட் காதில் இருந்த கருவியை விரலால் அழுத்தினார். அங்கிருந்து யாரோ அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிகவும் நெகிழ்ச்சியான வார்த்தைகள் என்று அவர் கேமராவைப் பார்த்துச் சொன்னார். இந்த நாளில், தாக்குதல் நடத்தியவனின் நாட்குறிப்பிலிருந்து இதுவரை வெளிவராத பக்கங்கள் எங்களுக்குக் கிடைத்திருக்கின்றன என்றார். கேமராவுக்குக் கீழே வைத்திருந்த சிறிய திரையில் அவன் முகம் வந்தது.

வெர்லீன் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு ஹோல்ட்டைப் பார்த்தார்.

"அவனை அணைங்க. இது என் கூடம். இங்க அவன் மூஞ்சி வரக்கூடாது."

ஹோல்ட் பேசிக்கொண்டே இருந்தார். வெர்லீன் நேராக நடந்து போய், சுவரில் இருந்த பெரிய மின்சார விசையை இழுத்துவிட்டார். கூடம் முழுவதும் இருண்டது. நாங்கள் கைதட்டினோம். ஆனால் அவர்களின் கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய திரையும் அப்படித்தான். இருட்டில் அது மட்டும் எரிந்தது. ஒளிபரப்பு தலைமை அலுவலகத்துக்கு மாறியிருந்தது, அங்கே அவன் முகம் சுவர் அளவுக்கு இருந்தது. நாங்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரவுக்குள் அந்தக் காட்சி எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. நேரலையில் உடைந்துபோன பெண் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அது வெர்லீன் சுவரை நோக்கி நடக்கும் இடத்தில்தான் தொடங்கியது. நேடினின் பெயர் அதில் இல்லை. வெர்லீன் உடையவும் இல்லை. நான் அங்கே இருந்தேன்.

அவர் மறுநாள் ஹார்லனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டிகளை எடுக்காவிட்டால் கதவைத் திறந்து மழையில் தள்ளப்போவதாகச் சொன்னார். எவன் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஹார்லன் எங்கிருந்தோ லாரிகளைப் பிடித்துவந்தார். எங்கே கொண்டுபோனார் என்று யாரும் கேட்கவில்லை. பாதித் தரை அழுகியிருந்தது. அதைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதியில் மே மாதம் கூடத்தைத் திறந்தார். சின்ன வட்டத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு சுற்றினோம்.

அந்த மாதக் கடைசியில், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓர் ஊரிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. சனிக்கிழமை மதியம், கூடம் நிறைய ஆள் இருந்தபோது வெர்லீனுக்கு கெய்ட்லினிடமிருந்து அழைப்பு வந்தது. காலணி கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்றபடி அவர் பேசினார். இதை முன்பே அனுபவித்தவர் என்ற முறையில் அந்த ஊருக்கு நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கெய்ட்லின் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு செத்தாங்க?" என்றார் வெர்லீன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் பேரு எனக்கு வேண்டாம்மா. செத்தவங்க பேரைக் கேட்டேன்... வெளியிடலையா? அவன் பேரு மட்டும் எப்படி வெளிய வந்துச்சு?... சரி. ஒரே ஒருத்தர் பேராவது தெரிஞ்சுகிட்டுக் கூப்பிடு. அப்ப பேசறேன்."

கைபேசியை மேசை மேல் வைத்துவிட்டு மூன்று பேருக்குக் காலணி கொடுத்தார். மணி அடிக்கவில்லை. மாலை வரை அடிக்கவில்லை. ஐந்து மணி ஆட்டம் முடிந்து, தரை காலியானதும், நான் காலணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரே கைபேசியை எடுத்தார். அந்த ஊரில் ஒரு ஸ்கேட்டிங் கூடம் இருக்கிறதா என்று என்னைத் தேடித்தரச் சொன்னார். இருந்தது. எண்ணை வாசித்தேன்.

எடுத்தது ஒரு பெண் என்று நினைக்கிறேன். வெர்லீன் தன் பெயரையும் ஊரையும் சொன்னார். தொலைக்காட்சியில் பேசிய அந்தப் பொம்பளை நான்தான், ஆனால் அதற்காகக் கூப்பிடவில்லை என்றார்.

"உங்க தரையைக் கேட்டு வருவாங்க. ரெண்டு வாரம்னு சொல்வாங்க. குடுத்துடாதீங்க, அவ்வளவுதான்." நிறுத்தினார். "இன்னொண்ணு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அதுல..."

மறுமுனை பேசத் தொடங்கியது. வெர்லீன் மேசைக்குப் பின்னாலிருந்து முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பெருக்கி முடித்தேன். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன், அவர் தலைக்கு மேல் இருந்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை மட்டும், "மறுபடி சொல்லுங்க, அந்தப் பேரு எனக்குச் சரியா கேக்கல" என்றார்.